குரங்கும் மருந்தும் - பயத்தை விரட்டாத ஒரு வைத்தியத்தின் வரலாறு

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்கக் கூடாது என்ற கதை தெரியாதவர்கள் நம்மூரில் இருக்க முடியாது. வைத்தியர் மருந்தைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் சரி, இதைக் குடிக்கும்போது மட்டும் குரங்கை நினைச்சுடாதே" என்று சொல்லி அனுப்புவார். அவ்வளவுதான். அந்த ஆள் கடைசி வரை மருந்து குடித்திருக்கவே மாட்டார். டம்ளரைக் கையில் எடுத்தாலே குரங்கு வந்து உட்கார்ந்துவிடும். (சேத்தூர்க்காரர்களுக்கு இது கூடுதலாகவே புரியும். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு நினைக்காமலே குரங்கு வரும்!)

இந்தக் கதையை அமெரிக்காவில் ஒருவர் பரிசோதனையாகவே செய்து பார்த்துவிட்டார். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987ல் வெளியிட்ட ஆய்வு அது. அவருக்குக் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. மாணவர்களைத் தனியாக உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதே, நினைத்துவிட்டால் மணியை அடி என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்தது. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், முதலில் அடக்கி வைத்தவர்கள், ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களை விட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள்.

கரடியோ குரங்கோ போகட்டும். அந்த இடத்தில் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தை வைத்துப் பாருங்கள். அரியர், வேலை, வீட்டில் கடன், யாரோ இறந்துபோன துக்கம், காரணமே தெரியாத பயம் என்று எதை வேண்டுமானாலும் வையுங்கள். நாம் யாரிடமாவது மனசு சரியில்லை என்று சொன்னால் கிடைக்கும் பதில் என்ன? "அதையே நினைக்காதே." அதாவது குரங்கை நினைக்காதே!

இதற்கு நேர் எதிராக, வருகிற எண்ணம் வரட்டும், பயம் இருக்கட்டும், அதை வைத்துக்கொண்டே செய்ய வேண்டியதைச் செய் என்று சொல்லும் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. அது எப்படி உருவானது என்பதுதான் இந்தப் பதிவு. நான் பி.காம் படிக்கிறவன், உளவியல் மாணவன் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. இந்த வரலாற்றில் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் வைத்தியர்களாக இருக்கவில்லை. பயந்தவர்களாக, வலியில் துடித்தவர்களாக இருந்தார்கள். வலியை விரட்டி விரட்டித் தோற்றவர்கள் கண்டுபிடித்த வழி இது.

மதுரையில் ஒரு பள்ளி மாணவன்

முதலில் நம்ம மாவட்டத்துக்காரர் ஒருவர். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். அப்பா 1892ல் இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் வீடு. 1896 ஜூலையில் ஒரு நாள், உடம்பில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே, தான் சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று அவரைப் பிடித்துக்கொண்டது. வயது 16.

அந்த வயதில் நாமாக இருந்தால் என்ன செய்வோம்? யாரையாவது கூப்பிடுவோம், வெளியே ஓடுவோம், இந்தக் காலமாக இருந்தால் செல்போனை எடுப்போம். அவர் வேறு மாதிரி செய்தார். சரி, சாவு வந்துவிட்டது, அது என்ன என்றுதான் பார்ப்போமே என்று தரையில் படுத்தார். கைகால்களை விறைப்பாக நீட்டி, வாயை மூடி, பிணம் மாதிரியே கிடந்து, சாவது எது, இதைக் கவனித்துக்கொண்டிருக்கிற நான் யார் என்று உள்ளே பார்த்தார். சில வாரங்களில், அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக எடுக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினார். பிறகு உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

நான் இங்கே ஆன்மிகம் பேச வரவில்லை. ரமணர் செய்தது சிகிச்சையும் இல்லை. பின்னால் வரப்போகிற அமெரிக்கர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லமாட்டேன். எல்லாமே நம்மிடமிருந்துதான் போனது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது எளிது, அது வரலாறு ஆகாது. ஒரு பையன் பயத்தை விட்டு ஓடாமல் அதற்கு எதிரில் படுத்தான், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் ஒரு கல்லூரி மாணவர்

அதே காலத்தில் ஜப்பானில் மொரிட்டா ஷோமா என்று ஒருவர். 1874ல் பிறந்தவர். சிறு வயதில் கோயிலில் நரகத்தின் படத்தைப் பார்த்துப் பயந்து, அதிலிருந்தே சாவு பயம். கொஞ்சம் வளர்ந்ததும் நெஞ்சுப் படபடப்பு, தலைவலி. டோக்கியோவில் மருத்துவம் படிக்கப் போனபோது டாக்டர்கள் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். பரீட்சை நெருங்குகிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பு ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அப்பா அனுப்ப வேண்டிய பணம் வரவில்லை. ஹாஸ்டல் மாணவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்! மொரிட்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நான் செத்தாலும் பரவாயில்லை என்று மருந்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வெறி பிடித்த மாதிரி படித்தார். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. திரும்பிப் பார்த்தால், இத்தனை நாள் பாடாய்ப் படுத்திய படபடப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.)

இதைப் பற்றிப் பல வருடம் யோசித்தார் மொரிட்டா. நோய் எங்கே இருந்தது? படபடப்பில் இல்லை, படபடப்பையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து அதை ஒழிக்கப் போராடியதில் இருந்தது என்று முடிவுக்கு வந்தார். 1919 வாக்கில் தனக்கென்று ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். முதலில் ஒரு வாரம் தனியாகப் படுக்கை. பேச்சு இல்லை, புத்தகம் இல்லை. வருகிற எண்ணமெல்லாம் வந்து போகட்டும். அப்புறம் செடி கொடியைப் பார்ப்பது போன்ற லேசான வேலை. அப்புறம் உடம்பு வணங்கிச் செய்யும் வேலை. கடைசியில் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது. இதற்கு அவர் வைத்த மந்திரச் சொல் 'அருகமாமா'. உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். பயம் போன பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதே, பயந்துகொண்டே வேலை செய் என்பதுதான் மொரிட்டா சிகிச்சையின் சாரம்.

அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில்

நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கிற பகுதி இதுதான். பர்மா 1948ல் சுதந்திரம் பெற்றபோது அதன் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்தவர் ஊ பா கின். பகலில் அரசாங்கக் கணக்கு, மற்ற நேரத்தில் விபாசனா தியானம். ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952ல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் தொடங்கினார்.

1955ல் அவரிடம் வந்தவர் எஸ்.என்.கோயங்கா. மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலி. வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்கிற அளவுக்கு நிலைமை. வெறும் தலைவலிக்காக என்றால் இங்கே வராதே என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டாராம். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். வலியை விரட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு உட்கார்ந்தால் திரும்பவும் குரங்கும் மருந்தும்தானே! உடம்பில் தோன்றுகிற எதையும் விரும்பாமல், வெறுக்காமல் கவனிக்க வேண்டும் என்பதுதான் அங்கே பாடம்.

கோயங்கா 1969ல் இந்தியா வந்தார். 1976ல் மகாராஷ்டிராவில் இகத்புரியில் மையம் தொடங்கியது. கிரண் பேடி திகார் சிறையின் பொறுப்பில் இருந்தபோது, 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் அதிகமான கைதிகள் ஒரே நேரத்தில் பத்து நாள் விபாசனா பயிற்சியில் உட்கார்ந்தார்கள். சிறையை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு, மனதை விட்டும் ஓட முடியாது என்பதைச் சொல்லிக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

மேற்கு நாடுகளின் மருத்துவமனைக்குள் இந்த வகைத் தியானம் போனதற்கு முக்கியக் காரணம் ஜான் கபாட் ஜின். 1979ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். தீராத வலியோடு வந்தவர்களுக்கு வலியைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார். மதம், சடங்கு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டார்.

பேராசிரியருக்கு வாய் அடைத்தது

இப்போது கதையின் மையத்துக்கு வருவோம். ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலும் ஆரன் பெக் 1960களிலும் உருவாக்கிய சிகிச்சை முறைகள் அமெரிக்காவில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. தவறான எண்ணம்தான் துன்பத்துக்குக் காரணம், எண்ணத்தைச் சோதித்துப் பார்த்து மாற்று என்பது அவற்றின் வழி. நல்ல பலனும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அந்தச் சூழலில் வட கரோலினாவில் ஓர் இளம் உளவியல் பேராசிரியர், ஸ்டீவன் ஹேய்ஸ். 1978ல் ஒரு நாள் துறைக் கூட்டம். மூத்த பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்ல ஹேய்ஸ் கையைத் தூக்கினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. அதுதான் முதல் பீதித் தாக்குதல். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில், பேச வேண்டிய இடத்திலெல்லாம் அது வந்து நின்றது. உளவியல் படித்தவர் ஆயிற்றே, தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தார். விரட்ட விரட்ட வளர்ந்தது. ஓர் இரவு மாரடைப்பே வந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு முற்றியபோது, வீட்டுத் தரையில் உட்கார்ந்தபடி, இனிமேல் என்னை விட்டு நானே ஓட மாட்டேன் என்று முடிவெடுத்ததாக அவரே பின்னாளில் மேடையில் சொல்லியிருக்கிறார்.

மதுரைத் தரையும் அமெரிக்கத் தரையும்! ஒருவருக்கு மற்றவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஹேய்ஸ் தன் அனுபவத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1980களில் அதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார். 1999ல் கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் ஆகியோரோடு சேர்ந்து புத்தகமாக எழுதினார். முறையின் பெயர் அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி, சுருக்கமாக ஆக்ட். ஏற்றுக்கொள், உனக்கு முக்கியமானதில் உறுதியாக இரு என்று சொல்லலாம்.

இதே காலத்தில் மார்ஷா லைன்ஹன் என்பவர், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கு ஏற்பையும் மாற்றத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரு சிகிச்சையை உருவாக்கி 1993ல் புத்தகமாக வெளியிட்டார். தானே 17 வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்த நோயாளி என்பதை 2011ல்தான் வெளியே சொன்னார். அதுவரை அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

டவுன் பஸ் உதாரணம்

ஆக்ட் முறையில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? அவர்கள் சொல்கிற ஒரு பஸ் உதாரணத்தை நம்ம ஊருக்குக் கொண்டுவருகிறேன். ராஜபாளையத்திலிருந்து சேத்தூருக்கு ஒரு டவுன் பஸ். டிரைவர் நீங்கள். பின்னால் ஏறியிருக்கிற பயணிகள்தான் உங்கள் எண்ணங்கள். அதில் சிலபேர் ரவுடிகள். "நீ ஓட்டத் தெரியாதவன், அந்தப் பக்கம் திருப்பு, இல்லைன்னா முன்னாடி வந்துருவோம்" என்று கத்துகிறார்கள். உங்களுக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர்களோடு சண்டை போடுவது. பஸ் நகராது. இரண்டு, அவர்கள் சொல்கிற பக்கமே திருப்புவது. சத்தம் அடங்கும், ஆனால் சேத்தூர் வராது. ஆக்ட் சொல்வது மூன்றாவது வழி. கத்துகிறவன் கத்தட்டும், அவன் கையில் ஸ்டியரிங் இல்லை. போக வேண்டிய ஊர் எது என்று தெரிந்தால் அதைப் பார்த்து ஓட்டு.

எண்ணத்தை எண்ணமாகப் பார்ப்பதற்குச் சின்னப் பயிற்சிகளும் உண்டு. 'தோல்வி' என்ற சொல்லை அரை நிமிடம் வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அர்த்தம் கழன்று வெறும் சத்தமாகிவிடும். இன்னொன்று, 'நான் தோற்றுவிடுவேன்' என்பதற்குப் பதில் 'நான் தோற்றுவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு வருகிறது' என்று சொல்வது. ஆங்கிலத்தில் இதைத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. தமிழில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றுதான் நாம் பேசுகிறோம். கோபம் எங்கிருந்தோ வருகிறது, என்னிடம் வருகிறது, வந்த மாதிரி போகும். நான் வேறு, அது வேறு. தினமும் பேசுகிற வாக்கியத்தில் இது இருப்பதை நான் இந்தப் பதிவுக்காகப் படிக்கும்போதுதான் கவனித்தேன்.

பலன் இருக்கிறதா?

கதை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் பார்க்க வேண்டும்.

2002ல் வெளிவந்த ஓர் ஆய்வு. காதில் குரல் கேட்பது போன்ற தீவிர மனநோயோடு மருத்துவமனையில் இருந்த 80 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு நான்கே நான்கு ஆக்ட் அமர்வுகள். நான்கு மாதத்தில் திரும்பவும் மருத்துவமனையில் சேர வேண்டி வந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இருந்ததில் பாதிதான். வேடிக்கை என்னவென்றால், குரல் கேட்கிறது என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆக்ட் பெற்றவர்களில்தான் அதிகம். குரல் நிற்கவில்லை, அதன் பேச்சை நம்புவது குறைந்திருந்தது.

இந்தியாவிலும் ஓர் ஆய்வு நடந்தது, 2008ல் வெளியானது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் நம் நாட்டு நரம்பியல் மருத்துவர் நந்தன் யார்டியோடு சேர்ந்து செய்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ள 18 பேர். சிலருக்கு ஆக்ட், சிலருக்கு யோகா. ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவிலும் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. வலிப்பு இரண்டிலும் குறைந்தது, ஆக்ட் பிரிவில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 18 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. நம்ம புள்ளியியல் பேப்பரில் சாம்பிள் சைஸ் பற்றிப் படித்ததை மறக்க வேண்டாம்.

பெரிய ஆய்வு உகாண்டாவில் நடந்தது. தென் சூடானிலிருந்து போருக்குப் பயந்து ஓடிவந்த சுமார் 700 அகதிப் பெண்கள். ஆக்ட் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஒலிப்பதிவையும் படப் புத்தகத்தையும் வைத்து, டாக்டர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே ஐந்து வகுப்புகள் நடத்தினார்கள். மூன்று மாதம் கழித்தும் மன வேதனை குறைந்திருந்தது என்று 2020ல் முடிவு வெளியானது. பெரிய அளவில் இல்லை, ஆனால் குறைந்திருந்தது. டாக்டர் இல்லாத ஊருக்கு இது பெரிய விஷயம்.

எதிர்ப்பும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் யோரன் ஓஸ்ட், ஆக்ட் ஆய்வுகள் பலவற்றின் தரம் போதாது என்று 2008லும் 2014லும் கடுமையாகவே எழுதினார். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், சிகிச்சையே இல்லாததை விட இது நிச்சயம் மேல், பெக் வழி சிகிச்சைக்கு ஏறக்குறைய சமம் என்கிறார்கள். அற்புத மருந்து இல்லை, இன்னொரு நல்ல வழி.

ஏற்பது வேறு, அடங்கிப் போவது வேறு

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்றால், விதியே என்று கிட என்று அர்த்தமா? நம்ம சமூகத்தில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். "பொறுத்துப் போம்மா" என்று சொல்லியே எத்தனை பெண்களை எத்தனை வீடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்!

நம்ம மாவட்டத்திலேயே ஒன்றைச் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் இருக்கிறவர்களிடம் போய் மறந்துவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. துக்கம் இருக்கும், வருடக்கணக்காக இருக்கும், அதற்கு மனதில் ஓர் இடம் ஒதுக்கத்தான் வேண்டும். அது ஏற்பு. ஆனால் விபத்துக்குக் காரணமான அலட்சியத்தையும் ஏற்றுக்கொள் என்று யாராவது சொன்னால் அது ஏற்பு இல்லை, ஏமாற்று. ஆக்ட் என்ற பெயரிலேயே இரண்டாவது பாதி செயல். வெளியே மாற்ற முடிந்ததை மாற்று, உள்ளே வருகிற பயத்தோடும் அழுகையோடும் சேர்ந்தே மாற்று என்பதுதான் அது. பயம் போன பிறகுதான் நியாயம் கேட்பேன் என்றால் யாரும் கேட்கவே போவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இது படித்துவிட்டுத் தானாகச் செய்துகொள்கிற வைத்தியம் இல்லை. தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும். மருந்து சாப்பிடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. 2022ல் மட்டும் இந்தியாவில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதே 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். செல்போனில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குத் தேவைப்படலாம்.

அவன் வந்து மனசு சரியில்லை என்று சொன்னால், தயவுசெய்து "அதையே நினைக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சரி, சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த பதிவில் வேறு விஷயத்தோடு சந்திப்போம்.